செல்வராணி செய்தது சேவை அல்ல

செய்தி வந்தபோது நான் ஈரோட்டில் ஒரு மொத்தத் துணிக்கடையில் நின்று, கரும்பச்சைத் துணி ஒன்றைக் கையில் கசக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெயிலில் வெளுக்கக் கூடாது, வியர்வையில் ஒட்டக் கூடாது என்று செல்வராணி சொல்லி அனுப்பியிருந்தாள். எங்கள் கட்டிங் மாஸ்டர் ஜபருல்லா பாய் போன் செய்தார்.

"ஏம்மா, துணி எடுத்துட்டியா?"

"இன்னும் இல்ல பாய். பாத்துக்கிட்டு இருக்கேன்."

"அப்ப விடு. பஸ் ஏறி வந்துடு."

பாய் போனில் பேசினால் யாரையாவது கிண்டல் செய்யாமல் வைக்க மாட்டார். அன்று கிண்டல் இல்லை. ராணிக்கு என்ன என்று நானாகவே கேட்டேன். "கல்லு லாரிம்மா. அரியலூர் ரோட்டுல. முடிஞ்சு போச்சு" என்றார். கடைக்காரர் அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு எத்தனை மீட்டர் வேண்டும் என்று என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

மறுநாள் பத்திரிகையில் சின்னதாக ஒரு செய்தி. ஸ்கூட்டியில் சென்ற தையல் தொழிலாளி லாரி மோதிப் பலி. சுண்ணாம்புக்கல்லை ஏற்றிக்கொண்டு, தார்ப்பாய் மூடாமல், ஒன்றையொன்று முந்திக்கொண்டு லாரிகள் போவதை அரியலூர், பெரம்பலூர் என்று எங்கள் இரண்டு மாவட்டங்களிலும் பார்க்காதவர்கள் இல்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் "அவ நேரம் அப்படி" என்றார்கள். பொம்பளைப் பிள்ளை அந்த ரோட்டில் வண்டி ஓட்டலாமா என்றும் ஒருவர் கேட்டார். ராணி ஹெல்மெட் போட்டிருந்தாள். ஓரமாகத்தான் போனாள். லாரியை ஓட்டியவனின் நேரத்தைப் பற்றியோ, இன்னும் ஒரு நடை அடி என்று அவனை விரட்டியவர்களைப் பற்றியோ யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. நான் இங்கே எழுத வந்தது இன்னொரு கோபத்தை. அது யாருக்கு உரியது என்று எனக்குத் தெரியும். ராணியை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அரியலூர் மண்டபத்தில் அவளுக்காக நடந்த நினைவுக் கூட்டத்துக்கு வந்து கைதட்டியவர்களும் அதில் அடக்கம்.

நானும் அவளும் பெரம்பலூரில் ஒரே கல்லூரியில், ஒரே வகுப்பில் பி.காம். படித்தோம். நான் டவுன். அவள் கீழப்பழுவூருக்குப் பக்கத்தில் ஒரு ஊர். கல்லூரியில் நாங்கள் நெருக்கமானவர்கள் இல்லை. அவள் சத்தமாகப் பேசுவாள், நான் புத்தகத்தை வைத்துக்கொண்டு கடைசி வரிசையில் இருப்பேன். படிப்பு முடிந்து சில வருடங்கள் கழித்து ஒரு நாள் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கையில் ஒரு சட்டை. "இதப் போட்டுப் பாருடி. புடவை கட்டிட்டு, அதுக்கு மேல போடு" என்றாள்.

எங்கள் பக்கத்தில் வயல் வேலைக்குப் போகும் பெண்கள் புடவைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்வார்கள். வெயில் படாது, பருத்திச் செடி கீறாது, மக்காச்சோளத் தோகை கையை அறுக்காது. பெரும்பாலும் கணவனின் பழைய சட்டை. அது இல்லையென்றால் அண்ணனுடையது, மகனுடையது. தோள்பட்டை பாதிக் கைக்கு இறங்கித் தொங்கும். கை, விரல்களை மூடும். சுருட்டிவிட்டால் வேலைக்கு நடுவில் அவிழும். நெஞ்சுப் பையில் எதை வைத்தாலும் குனிந்த உடனே கீழே விழும். ராணி கொண்டுவந்த சட்டை பெண்ணின் தோளுக்கு வெட்டியது. மணிக்கட்டில் இறுக்கமாகப் பட்டன். கொசுவம் இடிக்காமல் இருக்க இரு பக்கமும் பிளவு. இடுப்போரம் பட்டன் வைத்த ஒரு பை, போனோ வெற்றிலையோ வைக்க. போட்டுப் பார்த்தேன். கையைத் தூக்கினேன், குனிந்தேன். எங்கேயும் பிடிக்கவில்லை.

"நல்லா இருக்கு. யாரு வாங்குவாங்க?" என்று கேட்டேன்.

"அதுக்குத்தான் உன்னக் கூட்டிட்டுப் போக வந்திருக்கேன். சட்டைய எப்படி வெட்டணும்னு எனக்குத் தெரியும். வாங்குறவளத் தேடணும்."

இப்படித்தான் நான் அதில் சேர்ந்தேன். பெரம்பலூரில் ஒரு ஷெட், ஐந்து தையல் மெஷின்கள், லப்பைக்குடிக்காட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் ஜபருல்லா பாய், பிறகு ஒவ்வொருவராக வந்து சேர்ந்த எட்டுப் பெண்கள்.

ஆரம்பத்தில் தொழில்முனைவோருக்கான பயிற்சி முகாம் ஒன்றுக்குப் போனோம். பயிற்சியாளர் டை கட்டிக்கொண்டு, திரையில் படங்கள் போட்டு, எங்கள் சட்டையைப் பற்றி உற்சாகமாகப் பேசினார். மாவட்டத்தில் எத்தனை லட்சம் பெண்கள் வயல் வேலை செய்கிறார்கள் பாருங்கள், அதில் பத்தில் ஒருவர் வாங்கினாலே நீங்கள் எங்கோ போய்விடுவீர்கள் என்றார். ராணி எழுந்தாள்.

"சார், நீங்க சொல்ற அத்தன பேருக்கும் சட்டை தேவைதான். அதுல வாங்குறவங்க யாரு?"

"தேவை இருந்தா வாங்குவாங்கம்மா."

"எனக்கு ஏசி தேவை சார். நான் வாங்கலையே."

அறை சிரித்தது. பயிற்சியாளருக்குக் கோபம். எதிர்மறையாக யோசிக்கிறவர்கள் வியாபாரத்துக்கு லாயக்கில்லை என்றார். அவள் உட்கார்ந்து, என் காதில், "இந்தாளு ஒரு கர்ச்சீப்பாவது வித்திருப்பானாடி?" என்றாள்.

ஆனால் அடுத்த வாரமே நாங்கள் அந்தப் பயிற்சியாளர் சொன்னபடிதான் செய்தோம். வேறு வழி தெரியவில்லை. மூட்டை கட்டிக்கொண்டு மீன்சுருட்டிப் பக்கம் போனோம். முந்திரித் தோப்பில் வேலை முடிந்து வரும் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். தொட்டுப் பார்த்தார்கள். ஒருத்தி போட்டுக் காட்டினாள், மற்றவர்கள் அவளை இன்ஸ்பெக்டர் என்று கேலி செய்தார்கள். "எங்க வூட்டுக்காரரு சட்டை இருக்கையில நான் எதுக்குடி காசு குடுக்கணும்? அந்த மனுசனால ஆவுற ஒரே பிரயோசனம் அதான்" என்று இன்னொருத்தி சொன்னாள். ஒன்றுகூட விற்கவில்லை. நான் மூட்டையைக் கட்ட ஆரம்பித்தேன். ராணியைக் காணோம். சட்டையைப் போட்டுப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிட்டுப் போன அந்தப் பெண்ணின் பின்னால் நடந்து போய்க்கொண்டிருந்தாள்.

அதுதான் அவள் வேலை செய்யும் விதம். வாங்குகிறவரிடம் அவளுக்குக் கேட்க ஒன்றுமில்லை. எடுத்துப் பார்த்து, ஆசைப்பட்டு, திருப்பி வைத்தவரிடம்தான் கேட்பாள். பாதித் தெருவரை கூடவே நடப்பாள். சிலர் திட்டுவார்கள். அந்த மீன்சுருட்டிக்காரம்மா திட்டவில்லை.

"போட்டா நல்லாத்தான் இருக்குது கண்ணு. ஆனா எனக்கு நானே வாங்கிட்டுப் போனேன்னு வெச்சுக்க, களை வெட்டப் போறவளுக்குப் புதுச் சட்டை கேக்குதான்னு பேசுவாளுவ. யாராச்சும் எடுத்துக் குடுத்தா போட்டுக்கலாம். நானா எடுக்கக் கூடாது."

திரும்பி வரும் பஸ்ஸில் ராணி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். ஜெயங்கொண்டம் தாண்டியபிறகு, "போடுறவ வேற, வாங்குறவ வேற" என்றாள். பிறகு அந்த வாக்கியத்தை அவள் நூறு முறை சொல்லியிருப்பாள். முதல்முறை சொன்னபோது அதில் வெற்றி எதுவும் இல்லை. வாங்குகிறவள் எங்கே இருக்கிறாள் என்று எங்களுக்குத் தெரியாது.

பாய்க்கு ஒரு யோசனை இருந்தது. அவர் ஊரில் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருக்கிறார்கள். நிலமும் இருக்கிறது, நிலத்தில் வேலை செய்ய ஆட்களும் வருகிறார்கள். நோன்பு மாதத்தில் நல்ல காரியமாக அந்தப் பெண்களுக்குச் சட்டை எடுத்துக் கொடுப்பார்கள் என்றார். சொன்னபடி கொடுத்தார்கள். ஒரே மாதத்தில் கையிருப்பு முழுவதும் போயிற்று. எனக்கு ஒரே சந்தோஷம். ராணி மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, மாஷா அல்லாஹ், அம்புட்டும் வித்துருச்சு. இன்னும் என்ன மூஞ்சி?" என்றார் பாய்.

"அடுத்த வருசம் எடுப்பாங்களா பாய்?"

"எடுப்பாங்க. ஆனா கொஞ்சம் கம்மி விலையில கேப்பாங்க. பட்டன் ரெண்டு கொறச்சாலும் பரவால்லம்பாங்க. நெறைய பேருக்குக் குடுக்கணும்ல."

"அதான். பாவம்னு எடுக்குறவங்க எண்ணிக்கைதான் பாப்பாங்க. சட்டையப் பாக்க மாட்டாங்க. நான் பட்டனக் கொறைக்க மாட்டேன்."

பாய் வெட்டும் மேசையில் கத்தரியை வைத்தார். "உனக்குக் கொழுப்பு" என்றார். "ஆமா" என்றாள். விற்கும் சந்தை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அதை வேண்டாம் என்று சொல்வதற்கு எவ்வளவு திமிர் வேண்டும் என்று அன்று அவள்மேல் எனக்கு எரிச்சல்தான். ஆனால் கணக்கு அவள் பக்கம் இருந்தது. அந்த வழியில் போயிருந்தால் ஒவ்வொரு வருடமும் துணியை மட்டமாக்கிக்கொண்டே போயிருப்போம். கடைசியில் எங்களைவிட மட்டமாகத் தைக்கிற ஒருவன் வந்து அதையும் எடுத்துக்கொண்டிருப்பான்.

வாங்குகிறவள் கிடைத்தது பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில். தீபாவளிக்கு நாலு நாளைக்கு முன்னால். சென்னைப் பக்கம் கம்பெனிகளில் வேலை செய்யும் பெண்கள் கும்பலாக வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். கழுத்தில் இன்னும் கம்பெனி அட்டை, தோளில் பை, கையில் ஸ்வீட் பெட்டி. நாங்கள் அங்கே நின்றது ஊர்ப்பக்கம் போகும் வயதான பெண்களுக்கு விற்க. ஒரு பெண் பஸ்ஸை விட்டு இறங்கி, எங்கள் சட்டையை எடுத்து, முகர்ந்து பார்த்து, "அக்கா, இது எங்க அம்மாவுக்குச் சேருமா? எங்க அப்பா சட்டையப் போட்டுக்கிட்டுப் போவுது, பாக்கவே நல்லா இல்ல" என்றாள்.

ராணி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த முகத்தை நான் மறக்கப் போவதில்லை. சந்தோஷம் என்று சொல்ல முடியாது. தேடின பொருள் வெகுநேரமாகக் காலடியிலேயே கிடந்திருந்தால் நமக்கு வரும் எரிச்சல் அது.

பிறகு ஒரு சிக்கல். மகள்களுக்கு அம்மாவின் அளவு தெரியவில்லை. ஒல்லியா குண்டா என்று கேட்டால், "அம்மா மாதிரிதான் இருப்பாங்க" என்றார்கள். திருப்பி வைத்துவிட்டுப் போனார்கள். ராணி அவர்கள் பின்னால் நடந்தாள். இரண்டு நாள் நடந்தபிறகு ஒரு கேள்வியோடு வந்தாள். அதன்பிறகு நாங்கள் யாரிடமும் அளவு கேட்கவில்லை. "உங்க அம்மா ஜாக்கெட்டு உனக்குச் சேருமா, லூசா, புடிக்குமா?" என்று மட்டும் கேட்டோம். பதில் தெரியாத பெண் ஒருத்திகூட இல்லை. எல்லோரும் ஏதாவது ஒரு கல்யாணத்துக்கு அம்மாவின் ஜாக்கெட்டைப் போட்டுப் பார்த்திருந்தார்கள். அந்தப் பெண்ணின் தோளைக் கண்ணால் அளந்து, பதிலைச் சேர்த்து, சட்டையை எடுத்துக் கொடுப்பாள். தப்பாகப் போனது மிகக் குறைவு.

அதிலிருந்து எங்களுக்கு வருடத்தில் இரண்டு பருவம். தீபாவளி, பொங்கல். பொங்கல்தான் பெரியது, பருத்தி எடுப்பு அப்போதுதான் தொடங்கும். அந்த இரண்டு பருவத்தின் விற்பனையில்தான் எட்டுப் பெண்களின் வருடம் முழுவதுக்குமான சம்பளம் நின்றது. மகள் எடுத்துக் கொடுத்த சட்டை என்று அம்மாக்கள் வயலில் சொல்லிக்கொண்டார்கள். அடுத்த பருவத்தில் பக்கத்து வீட்டு மகள் தேடி வந்தாள். முதலில் வந்த மகள்கள் வருடா வருடம் வந்தார்கள். அவர்கள் யாரும் விலையைக் குறைக்கச் சொல்லிப் பெரிதாகப் பேரம் பேசவில்லை. அம்மாவுக்கு எடுக்கிறோம் என்கிற கர்வம் அவர்களுக்கு இருந்தது. ராணி அந்தக் கர்வத்துக்குத்தான் விற்றாள். அவளே இதை இவ்வளவு பச்சையாகச் சொல்வாள்.

ஒரு யூடியூப் சேனலில் இருந்து இரண்டு பேர் வந்தார்கள். ராணியின் அம்மா அஞ்சலையும் வயல் வேலைக்குப் போகிறவர்தான். "உங்கம்மா கஷ்டப்படுறதப் பாத்துத்தான் இத ஆரம்பிச்சீங்களா?" என்று கேட்டார்கள். ராணி கேமராவைப் பார்த்து, "எங்கம்மா இதுவரைக்கும் ஒரு சட்டைக்குக்கூடக் காசு குடுக்கல. எல்லாம் ஓசி. எங்கம்மாவ நம்பிக் கடை போட்டிருந்தா மூடிட்டுப் போயிருப்பேன்" என்றாள். அவர்கள் அந்தப் பகுதியை வெட்டிவிட்டு, சோகமான இசையைப் போட்டு, அவள் மெஷினில் தைப்பதை மெதுவாக ஓடவிட்டு வெளியிட்டார்கள். அவள் அதைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. அவளுக்கு மெஷினில் ஒழுங்காகத் தைக்கவே வராது என்பது இன்னொரு விஷயம். வெட்டுவாள், யோசிப்பாள், விற்பாள். அவள் தைத்ததை, எங்கள் எட்டுப் பெண்களில் ஒருவரான தேவகி அக்கா பிரித்துத் திரும்பத் தைப்பார்.

அவளை நல்லவள் என்று நான் எழுத மாட்டேன். கோபக்காரி. டீக்குக் காசு கேட்டால் முகம் சுளிப்பாள். என்னை, "புத்தகம் படிச்சே கெட்டுப்போனவ" என்பாள். தப்பு செய்தால் ஒப்புக்கொள்ள மாட்டாள், மறுநாள் வேறு ஏதோ பேசுவதுபோல அந்தத் தப்பைச் சரிசெய்துவிட்டிருப்பாள். அவளோடு வேலை செய்வது சுலபம் இல்லை. இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், பதினாறாம் நாள் காரியம் முடிந்தபிறகு அரியலூரில் ஒரு மண்டபத்தில் நடந்த நினைவேந்தலில் நான் யாரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றே தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

மேடையில் பெரிய ஃப்ளெக்ஸ். அவள் படத்துக்குக் கீழே "சமூக சேவகி" என்று போட்டிருந்தார்கள். பேசிய ஒவ்வொருவரும் தன்னலம் இல்லாதவர், ஏழைகளுக்காக வாழ்ந்தவர், லாபம் பார்க்காதவர் என்றார்கள். லாபம் பார்க்காதவர் என்றபோது என் பக்கத்தில் இருந்த பாய், "அஸ்தஃபிருல்லாஹ்" என்று இறைவனிடம் மன்னிப்புக் கேட்பதுபோல முணுமுணுத்தார். கடைசியில் பேசியவர் ஊரில் பெரிய ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். கூட்டத்தை ஏற்பாடு செய்தவரும் அவர்தான். இரண்டு வருடங்களுக்கு முன்னால் எங்கள் சட்டையை அவர் கடையில் வைக்கச் சொல்லி ராணியும் நானும் போய் நின்றிருக்கிறோம். "பட்டுப்புடவை எடுக்க வர்றவங்க கண்ணுல இது பட்டா என்னம்மா நினைப்பாங்க?" என்று சிரித்து அனுப்பியவர். அவர் மைக்கைப் பிடித்து, செல்வராணியின் கனவை நனவாக்க, முப்பதாம் நாளன்று சுற்றுவட்டார ஊர்களில் ஆயிரம் பெண்களுக்கு இலவசச் சட்டை வழங்கப்போவதாக அறிவித்தார். அதை எங்களிடமே எடுக்கப் போவதாகவும் சொன்னார். விலையைக் கொஞ்சம் குறைக்க வேண்டும், எல்லாம் ஒரே அளவில் இருந்தால் போதும், முதுகில் அவர் கடைப் பெயரும் ராணியின் படமும் இருக்கும். மண்டபம் கைதட்டியது.

முப்பதாம் நாளுக்குச் சில வாரங்கள் கழித்துப் பொங்கல். ஆயிரம் அம்மாக்களிடம் சட்டை போய்ச் சேர்ந்துவிட்டால், ஊருக்கு வரும் ஆயிரம் மகள்கள் எதை வாங்குவார்கள்? அந்த மண்டபத்தில் இந்தக் கேள்வியைக் கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அவள் தேடிக் கண்டுபிடித்த ஒரே ஒரு சந்தையை அவள் பெயரைச் சொல்லியே மூடுகிறீர்கள் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அல்லது தெரிந்தது, அது பொருட்டாகப் படவில்லை. ஒரு பெண் இறந்தபிறகு அவள் லாபம் பார்த்தாள் என்று சொல்ல உங்களுக்குக் கூச்சமாக இருந்தது. அந்த ஜவுளிக்கடைக்காரர் நாளை இறந்தால் யாரும் அவரைச் சேவகர் என்று எழுத மாட்டார்கள். தொழிலதிபர் என்பார்கள்.

என்னை இரண்டு வார்த்தை பேசக் கூப்பிட்டார்கள். கூட்டத்தில் பேசுவது எனக்குப் பழக்கமில்லை. பள்ளியில்கூட மேடை ஏறியதில்லை. ஏறினேன். "இந்த ஆர்டர எங்களால எடுக்க முடியாதுங்க. ராணி இருந்தாலும் எடுத்திருக்க மாட்டா. அவ சட்டைய வித்தவ, குடுத்தவ இல்ல. தயவுபண்ணி யாரும் இலவசமா குடுக்காதீங்க" என்றேன். எவரும் கைதட்டவில்லை. ஜவுளிக்கடைக்காரர் என் கையிலிருந்து மைக்கை மெதுவாக வாங்கி, "தங்கச்சி துக்கத்துல பேசுறாங்க" என்றார்.

திரும்பி வரும் வேனில் தேவகி அக்கா என்னிடம் முகம் கொடுக்கவில்லை. பெரம்பலூர் வந்து இறங்கும்போது, "நீ பாட்டுக்கு மைக்கப் புடிச்சு வேணாம்னுட்ட. தைக்கிறவ நானு. என்னக் கேட்டியா?" என்றார்.

கேட்டிருக்க வேண்டும். மறுநாள் காலையில் ஷெட்டில் எல்லோரும் உட்கார்ந்தோம். மெஷின் எதுவும் ஓடவில்லை.

"ஆயிரம் சட்டைம்மா. கைக்கு வர்ற வேலைய எவளாச்சும் உதைப்பாளா?" என்றார் தேவகி அக்கா. "அந்தம்மா போயிடுச்சு. நாளைக்குத் துணி எடுக்க யாரு இருக்கா? பொங்கலுக்கு பஸ் ஸ்டாண்டுல நின்னு கூவ யாரு இருக்கா? நீயா? நீ டீ வேணும்னுகூட வாயத் தொறந்து கேக்க மாட்ட."

சிலர் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்திருக்கும், வேறொரு நாளாக இருந்தால்.

பாய் கேட்டார்: "சரி, இத எடுக்குறோம்னு வெச்சுக்க. அடுத்த பொங்கலுக்கு அவரு ஆயிரம் குடுப்பாரா?"

"எப்படிக் குடுப்பாரு? செத்தவங்க நினைவு அடுத்த வருசம் இருக்குமா?"

"அம்மாவுக்கு ஓசில கெடச்சப்புறம், சட்டை எடுக்க வர்ற பொண்ணுங்க மட்டும் அடுத்த வருசம் வருமா?"

வெகுநேரம் பேசினோம். ஒருத்தி அழுதாள். இன்னொருத்தி, எனக்கு வீட்டு வாடகை இருக்கிறது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று வேறு தையல் யூனிட்டுக்குப் போய்விட்டாள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. மதியத்துக்குமேல் தேவகி அக்கா எழுந்து மெஷினில் உட்கார்ந்து, "சரி, பொங்கல் சட்டைக்குத் துணி எப்ப எடுக்கப் போற?" என்று என்னைக் கேட்டார். அதுதான் எங்கள் தீர்மானம்.

ஆனால் ஜவுளிக்கடைக்காரர் விடவில்லை. எங்கிருந்தோ மட்டமான துணியில் ஆயிரம் சட்டைகள் வந்தன. முப்பதாம் நாளன்று வேனில் ஊர் ஊராகப் போய்க் கொடுத்தார்கள். போட்டோ எடுத்தார்கள். அந்தச் சட்டைகளை நான் பார்த்தேன். ஆண் அளவில் தைத்தவை. தோள் இறங்கித் தொங்கியது, கை விரல்களை மூடியது, நெஞ்சில் ஒரு பை. முதுகில் ராணி சிரித்துக்கொண்டிருந்தாள். எந்தச் சட்டைக்கு எதிராக அவள் தொழில் தொடங்கினாளோ, அந்தச் சட்டையில் அவள் முகத்தை அச்சடித்து அவள் ஊர்ப் பெண்களுக்கே கொடுத்திருந்தார்கள். அஞ்சலை அம்மாவுக்கும் ஒன்று கொடுத்தார்கள். மகளின் முகத்தை முதுகில் போட்டுக்கொண்டு எப்படிக் களை எடுப்பது என்று அவர் என்னிடம் கேட்டார்.

பொங்கலுக்கு முந்தைய நாட்களில் தேவகி அக்காவும் நானும் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் நின்றோம். கூவத் தெரியாது என்று என்னைச் சொன்னவர் அவரே கூவினார், நான் மகள்களிடம் ஜாக்கெட்டைப் பற்றிக் கேட்டேன். போன வருடம்போல விற்கவில்லை. பலர் எடுத்துப் பார்த்து, "அம்மாவுக்குத்தான் குடுத்துட்டாங்களேக்கா" என்று வைத்துவிட்டுப் போனார்கள். இலவசச் சட்டை வீட்டில் இருப்பது தெரிந்தும் வாங்கியவர்கள் இருந்தார்கள். எட்டு பேரில் மீதி இருக்கும் ஏழு பேருக்கு இந்த வருடம் எப்படிப் போகும் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. சிரமப்பட்டுத்தான் போகும். அதற்கு யார் காரணம் என்று இந்தப் பத்திகளில் எழுதியாகிவிட்டது.

கடைசி நாள் சாயங்காலம் ஒரு பெண் வந்தாள். இருபது வயது இருக்கும், முதல் வருடச் சம்பளக்காரி. சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எங்க அம்மாவுக்கும் ஒண்ணு ஓசில வந்துச்சுக்கா. பின்னாடி ஒரு அக்கா படம் போட்டு. யாருக்கா அது, கட்சிக்காரங்களா?"

தேவகி அக்கா கூவுவதை நிறுத்திவிட்டார்.

"இல்லம்மா" என்றேன். "வியாபாரி. இந்தச் சட்டைய வித்தவங்க."

"பாத்தா அப்படித் தெரியல. சாமி மாதிரி சிரிக்குறாங்க."

"அந்தப் போட்டோ நல்லா இல்ல. நேர்ல இவ்வளவு சிரிக்க மாட்டாங்க."

அவள் யோசித்தாள். "அந்தச் சட்டை அம்மாவுக்கு லூசுக்கா" என்றாள்.

ராணியின் ஸ்கூட்டிக்கான மாற்றுச் சாவி என்னிடம் இருக்கிறது, அவள் கையெழுத்து இருக்கும் சில காகிதங்கள் இருக்கின்றன. அவற்றையெல்லாம் அஞ்சலை அம்மாவிடம் கொடுத்துவிடப் போகிறேன். எனக்கென்று நான் வைத்துக்கொள்வது இரண்டு. ஒன்று, அவள் கோபம். முன்பு எனக்கு அது இல்லை, இப்போது இருக்கிறது, இறக்கி வைக்கும் எண்ணம் இல்லை. இன்னொன்று, நீங்கள் ஃப்ளெக்ஸில் போடக் கூசிய அந்தச் சொல். ஷெட்டின் வாசலில் இதுவரை பெயர்ப்பலகை கிடையாது. இந்த வாரம் மாட்டியிருக்கிறோம். அதில் அவள் படம் இல்லை. செல்வராணி, சட்டை வியாபாரி என்று இருக்கிறது. அதற்குக் கீழே என் பெயர், அதே தொழில்.